‘எதுக்கு சார் இந்த சர்வே?’: மாணவர்களை ஊர் ஆய்வுக்குள் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை மாணவர்களை ஊருக்குள் அனுப்பியபோது 62 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் 40 படிவங்கள் திரும்பி வந்தன, ஒரு கட்டம்கூட விடாமல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது: ஒரே பேனா, ஒரே கையெழுத்து, வரிசையாகப் பதினோரு வீடுகளில் ‘மாடு 2, ஆடு 4’. மறுநாள் விசாரித்தால், நாலு பேர் ஊர் முனையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பகிர்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் திட்டி முடித்ததும் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “எதுக்கு சார் இந்த சர்வே? இதை யார் படிக்கப் போறா?”

என்னிடம் பதில் இல்லை. அவன் சொன்னது சரிதான். அந்தப் படிவங்கள் துறை அலமாரிக்குள் போய், அடுத்த வருடம் வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பரோடு போய்விட்டன.

சிவகங்கைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நாட்டு நலப்பணித் திட்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன். அந்த டீக்கடைக்குப் பிறகு கண்மாய், பேருந்து, குடிநீர் என்று ஒவ்வொரு அணியோடும் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டேதான் இருக்கிறோம். ‘மாணவர்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று புலம்புகிற சக ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர்களும் வயசுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்

நாம் தலைப்பைக் கொடுத்துவிட்டு ஆர்வத்தை எதிர்பார்க்கிறோம். ‘சிவகங்கை மாவட்ட நீர்ப்பாசன அமைப்புகளின் நிலை: ஓர் ஆய்வு’ என்று போட்டால் எந்தப் பிள்ளைக்கு உறைக்கும்?

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கரும்பலகையில் ஒரே வரி எழுதுங்கள்: ‘உங்க தெருவுல எரிச்சல் வர்ற மூணு விஷயம்’. துண்டுச் சீட்டு கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். சீட்டில் வருபவை பெரும்பாலும் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். காலைப் பேருந்து கைகாட்டினாலும் நிற்பதில்லை. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கண்மாய் முழுக்கக் கருவேலம். ரேஷன் கடை எந்த நாள் திறக்கும் என்று தெரிவதில்லை.

அப்புறம் ஒவ்வொன்றையும் மூன்று சல்லடையில் சலிக்க வேண்டும். நம் கையால் எண்ணவோ அளக்கவோ முடியுமா? இரண்டு மாதத்தில் முடியுமா? விடை தெரிந்தால் ஊரில் யாருக்காவது உபயோகம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான் தலைப்பு. ஆட்சேர்ப்பில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பேருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பஸ் நிக்கவே மாட்டேங்குது’ என்பது புகார். ‘காலை 7 முதல் 9 வரை எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் காத்திருந்தார்கள், நின்றதா இல்லையா’ என்று ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதினால் அது தரவு. எங்கள் மாணவிகள் மூன்று பேர் இதை எழுதினார்கள். தினமும் அந்த நிறுத்தத்தில் எப்படியும் நிற்கப் போகிறவர்கள்தானே, தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர்களே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பேருந்து நிற்காத நாட்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய வண்டி வரவே இல்லை. முந்தைய வண்டியின் கூட்டமும் இதில் ஏறிக்கொள்வதால் ஓட்டுநர் நிறுத்துவதில்லை. ‘ஓட்டுநர் திமிர்’ என்று தொடங்கிய கதை ‘முந்தைய வண்டி ஏன் வரவில்லை’ என்ற கேள்வியில் போய் நின்றது. அன்றைக்கு அந்தப் பெண்களின் முகத்தில் பார்த்த வெளிச்சத்தை என் எந்த மேடைப் பேச்சும் வரவைத்ததில்லை.

பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் கதை கீழடி. 1970களில் அந்த ஊரில் கிணறு வெட்டியபோது பழைய பொருட்கள் கிளம்பின. அதைக் கவனித்து வாத்தியாரிடம் வந்து சொன்னவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அங்கே வரலாற்று ஆசிரியராக இருந்த பாலசுப்பிரமணியம் அதை அலட்சியப்படுத்தாமல் எடுத்துப் பாதுகாத்து, தொல்லியல் துறைக்கும் தெரிவித்தார். முறையான அகழாய்வு தொடங்க 2015 வரை ஆனது, அது வேறு கதை. ஆனால் முதல் செய்தி வந்தது வகுப்பறையிலிருந்து. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். எங்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சங்கதி.

படி 2: ஆள் சேர்ப்பது

காலை வழிபாட்டில் அறிவிப்புச் செய்து ஐம்பது பேரைச் சேர்க்காதீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஊர்க்காரர்களுக்கும் அது சுற்றுலா வந்த கூட்டமாகத்தான் தெரியும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. எங்கள் கண்மாய் அணியில் கெட்டிக்காரன் யாரென்றால், வகுப்பைக் கட் அடித்துவிட்டு மீன் பிடிக்கப் போகிறவன். எந்த மாதம் எந்தப் பக்கம் தண்ணீர் வற்றும், குரவை எங்கே கிடைக்கும், அயிரை எப்போது ஏறும் என்று அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதுவரை கல்லூரியில் யாரும் அவனிடம் எதையும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அடுத்த வாரம் அவன்தான் மற்றவர்களை எழுப்பிக் கூட்டிவந்தான்.

‘சமூக சேவை’ என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்துவதே இல்லை. ‘இதுல உனக்கு என்ன கிடைக்கும்’ என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. மரத்தடியைப் பெருக்கிவிட்டுப் படம் எடுப்பதற்குப் பதிலாக அந்த மணி நேரங்களை இதில் கணக்கு வைக்கலாம். சமூக ஈடுபாட்டை இரண்டு கிரெடிட் பாடமாக வைக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலும் இருக்கிறது. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாகவும் எழுதலாம். மதிப்பெண்ணுக்காக வருகிறவனை மட்டமாகப் பார்க்காதீர்கள். வருகிற காரணமும் தங்குகிற காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வராதவர்கள் ஏன் வரவில்லை என்று தனித்தனியே கேட்டுப் பாருங்கள். ‘இஷ்டமில்லை’ என்பது அபூர்வமாகத்தான் வரும். பையன் மாலையில் மொபைல் கடையில் வேலை பார்க்கிறான். பெண்ணுக்குக் கடைசி டவுன் பஸ் ஐந்தேகாலுக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் விடமாட்டார்கள், வார நாள் என்றால் விடுவார்கள். இன்னொருத்திக்குப் போக வர 24 ரூபாய் ஆகும், அதைக் கேட்கக் கூச்சம். இதெல்லாம் ஆர்வம் சம்பந்தப்பட்டதே இல்லை, நேர அட்டவணையும் சில்லறையும் சம்பந்தப்பட்டது. வேலையைக் காலை 7 முதல் 10 வரை வைத்துக்கொண்டு, பேருந்துக் கட்டணத்தையும் டீ, வடைச் செலவையும் முதல் நாளே கணக்கில் போட்டுவிட்டால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள்.

படி 3: ஊரிடம் முதலில் கேட்பது

கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க மத்திய அரசு 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியானில் சேர்ந்த கல்லூரிகள் ஐந்து கிராமங்களைத் ‘தத்தெடுக்க’ வேண்டும். அந்தச் சொல்லை ஒரு தடவை ஊர் மந்தையில் சொல்லிவிட்டேன். ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, எங்களுக்கு அப்பன் ஆத்தா இல்லையா?” அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

மாணவர்கள் போவதற்கு முன் நீங்கள் இரண்டு தடவையாவது போய்வர வேண்டும். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், பள்ளித் தலைமையாசிரியர் எல்லோரையும் பார்ப்பது முறை. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மகளிர் குழுத் தலைவி, அங்கன்வாடிப் பணியாளர், மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர், காலனியில் நாலு பேர் நம்புகிற ஓர் ஆள், இவர்களைப் பார்த்தால்தான் ஊர் புரியும். நீங்கள் சொல்லப்போவதை மட்டும் சொல்லாமல் ‘உங்களுக்கு எது தெரியணும்?’ என்றும் கேட்டு வாருங்கள். பிள்ளைகளின் கேள்வியும் ஊரின் கேள்வியும் எங்கே ஒட்டுகின்றனவோ அங்கே தொடங்குங்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் படியைத் தாண்ட முடியாது. கூட்டத்தைக் கோயில் முன்னால் போட்டால் சிலர் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். பள்ளிக்கூடம், நூலகம், ரேஷன் கடை வாசல் மாதிரி எல்லோரும் வந்துபோகும் இடமாகப் பாருங்கள். உங்கள் மாணவர்களில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். எந்தத் தெருவுக்கு யார் போவது என்பதைப் பொதுவில் வைத்துப் பிரிக்காமல் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுவிடுங்கள். ஒரு வீட்டு வாசலில் வைத்து ‘நீ எந்தத் தெரு?’ என்று கேட்கப்பட்ட மாணவன் மறுநாள் வராமல் போனான். நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எப்போதும் இரண்டிரண்டு பேராக, ஒருவர் வெளியூர் ஒருவர் உள்ளூர் என்று அனுப்புகிறேன். முதல் வீடுகளுக்கு நானும் கூடப் போகிறேன்.

படி 4: முதல் நாள் படிவம் வேண்டாம்

முதல் தடவை ஊருக்குப் போகும்போது யார் கையிலும் படிவம் இருக்கக் கூடாது. நோட்டு, பென்சில், தண்ணீர் பாட்டில், தொப்பி. அவ்வளவுதான். ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்னால் விட்டுப் பின்னால் நடங்கள்.

எங்களுக்குக் கண்மாய்க் கரை. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கிலிருந்து கிளம்பி, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை வழியாகக் கடைசி வயல்வரை மூன்று கிலோமீட்டர். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருப்பதாகப் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியைப் படித்துவிட்டுப் பரீட்சையும் எழுதிய பிள்ளைகள் மடை என்றால் என்ன, கலிங்கு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மடைத்தூணைத் தடவிக்கொண்டே தாத்தா சொன்னார்: “இந்தா இந்தக் கோடு முங்குச்சுன்னா ஒரு போகத்துக்குப் பயமில்ல. அந்த மேல்கோடு முங்குச்சுன்னா கலிங்கு பாயும்.” கல்லில் கை விரல் நீளத்துக்கு இரண்டு வெட்டுகள், பாசி படிந்து கிடந்தன. ஒரு மாணவி டேப்பை எடுத்து இரண்டுக்கும் நடுவே அளந்தாள். ஒன்றேகால் அடி. “இதுதான் தாத்தா உங்க ஸ்கேலா?” என்று கேட்டாள். அந்த ஆய்வு முழுக்க நாங்கள் நீர்மட்டத்தை எழுதியது அந்தக் கோடுகளை வைத்துத்தான்.

திரும்பி வந்து ஒவ்வொருவரும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: ஒன்று பார்த்தது, ஒன்று வரைந்தது, ஒன்று புரியாதது. புரியாததுதான் முக்கியம். ‘கருவேலம் ஏன் இந்தப் பக்கம் மட்டும் அடர்த்தி?’, ‘மூணாவது மடை ஏன் சிமெண்டு வச்சு அடைச்சிருக்கு?’ என்று வந்த சந்தேகங்களே பிறகு எங்கள் கேள்விகள் ஆயின.

இரண்டாம் தடவை தரையில் ஊர்ப்படம் போடுங்கள். பங்கேற்பு மதிப்பீடு என்று தொண்டு நிறுவனத்தார் பல வருடமாகச் செய்துவருவதுதான். பள்ளித் திடலில் கோலமாவு, செங்கல் துண்டு, புளியங்கொட்டை, வேப்பிலை போதும். கண்மாய், வாய்க்கால், தெரு, கிணறு எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே போடுவார்கள். மாணவர்கள் கோலமாவு டப்பாவைத் தூக்கிக் கொடுப்பதோடு சரி, கோடு இழுக்கக் கூடாது. ஆண்கள் ஒரு படம், பெண்கள் ஒரு படம் என்று தனித்தனியாகப் போடவைத்தால் வேடிக்கை இருக்கிறது. எங்கள் ஊரில் ஆண்கள் படத்தில் மூன்று கிணறு, பெண்கள் படத்தில் ஏழு. விடுபட்ட நான்கும் குடிக்க ஆகாது, துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் மட்டும். அங்கே போகாதவர்களுக்கு அவை கண்ணில் பட்டதே இல்லை.

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் கல்யாசேரியில் 1990களின் தொடக்கத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் தூண்டுதலோடு ஊராட்சியின் வளங்களை ஊர்க்காரர்களே வரைபடமாக்கினார்கள். உள்ளாட்சித் திட்டங்களை மக்களே பேசி வகுக்கட்டும் என்று 1996இல் அங்கே வந்த மக்கள் திட்ட இயக்கத்துக்கு அது ஒரு முன்னோடி. படம் போடுவது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிக்கும் பேராசிரியர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

படி 5: கருவிகள்

படிவம் ஒரு பக்கம், எட்டுக் கேள்வி. அதற்கு மேல் ஒன்று சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும் என்று கறாராக இருங்கள்.

கேள்வியை மாணவர்களே எழுதட்டும், எழுதியதைச் சத்தமாகப் படிக்கட்டும். ‘தங்களது நீர்ப்பாசன ஆதாரம் யாது?’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் அம்மாவிடம் போய் இதைக் கேட்டு வா என்றேன். மறுநாள் சிரித்துக்கொண்டே வந்து மாற்றினாள்: ‘வயலுக்குத் தண்ணி எங்கிருந்து வருது?’ வீட்டில் ஒத்திகை பார்ப்பதற்கு நிகரான முன்சோதனை கிடையாது.

குடிநீர்தான் தலைப்பு என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மாணவர்கள் கையில் ஒரு கருவி வந்துவிட்டால் நடையே மாறிவிடும். இந்தியத் தர நிர்ணயம் 10500இன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 2000வரை போகலாம். ஆனால் இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். அந்த மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும்தான் சொல்லும். கிருமியும் அதில் தெரியாது, ஃபுளோரைடும் தெரியாது. ஃபுளோரைடுக்கு வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படிப் பயிற்சி பெற்றவர் இருந்தால் அவரையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக்குங்கள். ‘இந்தத் தண்ணி நல்ல தண்ணி’ என்று மாணவர் யாரும் தெருவில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பறவைகளில் ஆர்வம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். பொங்கல் நாட்களில் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணி இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பத்திரிகைகளில் வருடா வருடம் வரும் செய்தி. ‘எப்போதிலிருந்து, யார் முதலில் சொன்னது, சின்னப் பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்று மூன்று தலைமுறையிடம் கேட்டுப் பதிவுசெய்தாலே அருமையான வாய்மொழி வரலாறு கிடைக்கும்.

போனில் பதிவுசெய்ய கோபோ மாதிரி இலவசச் செயலிகள் உண்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். என்றாலும் முதல் வாரம் காகிதம்தான். போனை நீட்டினால் பாட்டிகள் படம் எடுக்கிறார்கள் என்று முந்தானையைச் சரிசெய்யத் தொடங்கிவிடுகிறார்கள், பேச்சு போய்விடுகிறது.

படி 6: அனுமதியும் பத்திரமும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். பெற்றோர் கையெழுத்து கட்டாயம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், யார் பொறுப்பு என்று அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். வீடுகளில் ஆதார் எண், வங்கி விவரம் எதையும் கேட்கக் கூடாது. சொல்ல விருப்பமில்லை என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும். படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரைக் கேட்க வேண்டும். உடல்நலம், குடி, குடும்ப வன்முறை போன்றவற்றைத் தொடுவதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் இறங்காதீர்கள்.

கண்மாய்க்குள் யாரும் இறங்கக் கூடாது. சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்று மேலே நின்றால் தெரியாது. நன்றாக நீந்துகிறவனும் மாட்டிக்கொள்வான். திருட்டு மணல், ஆக்கிரமிப்பு என்று ஆள்பலம் உள்ளவர்களை உரசும் தலைப்புகளுக்கு மாணவர்களை அனுப்புவது வீரமில்லை. அதை நீங்களும் நானும் வேறு வழியில் கேட்கலாம்.

படி 7: மூன்றாம் வாரம்

எல்லா அணியிலும் மூன்றாம் வாரம் சுரத்துக் குறையும். வெயில், இன்டர்னல் தேர்வு, அதே தெரு, அதே கேள்வி. பன்னிரண்டு பேர் ஏழாவார்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, முதல் முடிவைச் சீக்கிரம் கண்ணில் காட்டுவது. இரண்டு மாதம் கழித்து அறிக்கை வரும் என்று காத்திருக்க வைக்காதீர்கள். இருபது வீடு முடிந்ததும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் பட்டை வரைந்து துறை வாசலில் ஒட்டுங்கள். ‘இருபதில் பதினாலு வீடு குடிக்க கேன் தண்ணி வாங்குது’ என்று எழுதினால் போகிற வருகிற பிள்ளைகள் நின்று படிப்பார்கள். ‘எங்க ஊர்லயும் இதேதான்’ என்று இரண்டு பேர் புதிதாக வந்து நிற்பார்கள். விட்டுப்போனவர்களும் தங்கள் கணக்கு சுவரில் இருப்பதைப் பார்த்துத் திரும்புவார்கள்.

வாரம் ஒருமுறை நாற்பது நிமிடம் உட்காருங்கள். யார் எத்தனை படிவம் என்ற கணக்கு வேண்டாம். யாருக்கு என்ன விசித்திரமாகப் பட்டது என்று மட்டும் பேசுங்கள். வேலைகளையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். எழுதிக்கொண்டே இருப்பவள் ஒரு நாள் கேட்கட்டும், கேட்பவன் ஒரு நாள் கம்ப்யூட்டரில் ஏற்றட்டும்.

பொய்த் தரவு வரும். அந்த ‘மாடு 2, ஆடு 4’ திரும்பத் திரும்ப வரும். இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை. பத்தில் ஒரு வீட்டுக்கு வேறு அணி மறுபடி போகும் என்று முதல் நாளே அறிவித்துவிடுகிறேன். ‘தெரியவில்லை’, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதுவதற்குப் படிவத்திலேயே கட்டம் வைத்திருக்கிறேன். வெற்றுக் கட்டம் தப்பில்லை என்று தெரிந்தால் பிள்ளைகள் கற்பனை செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். முதல் வருடம் அவர்களைப் பொய் எழுத வைத்தது என் 62 கேள்விகள்தான்.

மதிப்பெண் போடுவதாக இருந்தால் பைண்டிங் செய்த அறிக்கைக்குப் போடாதீர்கள், அதை ஜெராக்ஸ் கடையே செய்து தருகிறது. கள நோட்டுக்குப் போடுங்கள். வியர்வை பட்ட, மை பரவிய, ஓரத்தில் சந்தேகம் எழுதிய நோட்டு.

படி 8: ஊருக்கே திருப்பிக் கொடுப்பது

மாணவர்களுக்கு ‘யார் படிக்கப் போறா’ என்பதற்கான பதில் இங்கேதான் கிடைக்கும். அதனால் இந்தத் தேதியைத்தான் முதலில் குறிக்க வேண்டும், மற்றதைப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தண்ணீர் பற்றிய ஆய்வென்றால் மார்ச் 22 பொருத்தம், அன்று உலகத் தண்ணீர் தினம். ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே பேசி ஏழு நிமிடம் வாங்குங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம், மின்சாரம் போகும், வெயிலில் திரையும் தெரியாது. வேட்டி அளவுக்கு ஒரு துணியில் படம் வரைந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றால் கடைசி வரிசைக்கும் தெரியும். பேசப்போவது மாணவர்கள். நீங்கள் வேப்பமரத்தடியில் நில்லுங்கள்.

எங்கள் மாணவி மடைக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மடை அடைபட்டுப் பத்து வருடம் என்றாள். கூட்டத்திலிருந்து ஒரு அப்பத்தா எழுந்து, “பத்து இல்லடி ஆத்தா, எம் பேரன் பொறந்த வருசம் அடைச்சாக. அவனுக்கு இப்ப பதினாலு” என்றது. அவள் அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துத் துணியில் 10ஐ அடித்து 14 என்று எழுதினாள். கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகு யார் யாரோ எழுந்து திருத்தினார்கள், சேர்த்தார்கள், சண்டை போட்டார்கள். ஏழு நிமிடம் நாற்பது நிமிடமானது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஊரில் எங்கள் துணியைப் பார்த்துவிட்டு ‘சரி, சந்தோஷம்’ என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாணவர்கள் சோர்ந்துபோனார்கள். அப்போது அடுத்த கதவு எது என்று காட்ட வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாக, அட்டவணையோடு கொடுக்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போடச் சொல்லிக்கொடுக்கலாம். செடி, கொடி, மீன், பறவை பற்றிய தரவென்றால் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கு அது வேண்டியதுதான். எங்குமே கதவு திறக்காவிட்டாலும், ஊரில் பதில் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கை போய்ச் சேர வேண்டும். ‘மடை திறந்துடும்’, ‘பஸ் நிக்கும்’ என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

துண்டறிக்கையின் கீழே மாணவர்கள் அத்தனை பேரின் பெயரும் வரட்டும். அவரவர் சம்மதத்தோடு, கோடு காட்டிய தாத்தாவுக்கும் திருத்திய அப்பத்தாவுக்கும் ஒரு வரி நன்றி இருக்கட்டும். வழிகாட்டி என்று நம் பெயரைக் கொட்டை எழுத்தில் மேலே போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

படி 9: அடுத்த அணி

மே மாதம் மாணவர்கள் போய்விடுவார்கள், ஊர் அங்கேயே இருக்கும். ஜூலையில் புதுப் பிள்ளைகள் வந்து அதே வாசலில் அதே கேள்வியைக் கேட்டால் ஊர் கடுப்பாகும். அதனால் மார்ச்சிலேயே இரண்டாமாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது அணிக்குள் சேர்த்துவிடுங்கள். நோட்டுகளைத் துறை அலமாரியில் பூட்டாமல் ஒரு பிரதி ஊரிலேயே இருக்கட்டும்.

எங்கள் நீர்மட்ட நோட்டு இப்போது கரையோரக் கடையில் ஆணியில் தொங்குகிறது. கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மடைத்தூணைப் பார்த்து எழுத வேண்டும். போன மாதம் போய்ப் புரட்டினேன். நடுவில் சில வாரங்கள் எங்கள் மாணவர் கையெழுத்து இல்லை, பென்சிலால் குண்டு குண்டாக யாரோ எழுதியிருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். “அதுவா? எம் மக எழுதுறா, ஏழாப்பு படிக்கிறா. உங்க பிள்ளைக பரீட்சைன்னு வரலையாம்ல” என்றார்.